பின்பலகைக் கொண்டி

1976ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அது தொடங்கியது. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. கொழுந்து எடுக்கும் பெண்களை மேல்காட்டுக்கு ஏற்றிச் செல்லும் லோரி ஆறே காலுக்குப் புறப்பட வேண்டும். கணக்கெழுதும் கிராணி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து இன்னும் ஐந்து நிமிடம் என்று அறிவித்ததும், என் அம்மா லோரியின் இரும்புப் படியில் வலது காலை வைத்ததும் ஒரே வேளையில் நடந்தன. அந்நாளில் நம் நாட்டுக் கடிகாரங்கள் இப்போதைவிட அரை மணி நேரம் பின்தங்கி ஓடின. மலையில் அப்போதுதான் வெளிச்சம் கசியத் தொடங்கியிருந்தது.

வைத்த காலை அவள் ஊன்றவில்லை. லோரியின் பின்பலகையைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, மற்றக் கை நெஞ்சுக்குப் போயிற்று. கேமரன் மலையின் அந்தக் குளிரில் அவள் நெற்றி வேர்த்திருந்தது. வாய் திறந்திருந்தும் காற்று உள்ளே போகாதவள் போலிருந்தாள். முதுகுக் கூடை சரிந்து என் காலடியில் விழுந்தது. நெஞ்சு அடைக்கிறது என்றாள். பெண்கள் அவளைத் தாங்கி ஓரமாக உட்காரவைத்தார்கள். லோரி அவளில்லாமல் போனது. அது வளைவில் மறைந்து, சத்தமும் அடங்கிய சிறிது நேரத்தில் அவளுக்கு மூச்சு வந்தது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்த் தேநீர் போட்டாள். அவள் முகத்தில் நோயின் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. வெட்கம் மட்டும் இருந்தது.

உங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரட்டு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. என்னோடு இலக்கியம் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விடியுமுன் எல்லாரையும் ஒரு திடலில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. எங்கள் தோட்டத்தில் பெரட்டில் குரல் கொடுத்தால் மட்டும் போதாது. மேல்காட்டுக்குப் பிரிக்கப்பட்டவர்கள் லோரியிலும் ஏற வேண்டும். ஏறினால்தான் அன்று வேலைக்கு வந்ததாகக் கொள்வார்கள். நடந்து போகிறவர்கள் வேலைக்காட்டை அடைவதற்குள் பாதிக் காலை கழிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர் அம்மாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, கடிகாரம் மாதிரி அடிக்கிறது, இது வெறும் வாயு என்றார். இளஞ்சிவப்பாய் ஒரு மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் அதைக் குடித்துவிட்டுப் போனாள். அதே படி, அதே கால், அதே வேர்வை. அதன்பின் சேலை முந்தானையில் ஒரு சிறிய பச்சைத் தைலப் போத்தலை முடிந்துகொண்டாள். அந்தப் போத்தலின் வாசனையை எங்கே முகர்ந்தாலும் இன்றுவரை என் உள்ளங்கை ஈரமாகிறது.

எத்தனையோ ஆண்டுகளாக அதே லோரியில் ஏறி, நின்றபடியே வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு போனவள் அவள். லோரி யாரையும் கீழே தள்ளியதில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய நாள் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவுமில்லை. எல்லாரும் ஒரு காரணம் தேடினார்கள். காரணம் கிடைக்காததால்தான் அவரவர் ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

அவளுக்கு எதிராக மிகப் பெரிய சாட்சியாக அமைந்தது அவளுடைய உழைப்பு. லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, அருகிலுள்ள கீழ்க்காட்டில் கொழுந்து எடுக்கும் நாள்களில் அவள் நடந்தே போவாள். நிறுக்கும்போது அவள் கூடைதான் கனமாக இருக்கும். அன்றைக்கெல்லாம் நெஞ்சு அடைக்காது. ஆனால் அந்தப் பருவத்தில் கொழுந்துச் சுற்று மேல்காட்டுக்கு நகர்ந்திருந்தது. கீழ்க்காட்டு நாள்கள் அரிதாகிக்கொண்டே போயின. கீழே எடுக்க முடிகிறவளுக்கு மேலே ஏற மட்டும் ஏன் முடியவில்லை என்று பெண்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. விடையைத்தான் எல்லாரும் ஒன்றுபோலத் தவறாகச் சொன்னார்கள்.

அப்பா இறந்த பிறகு லயத்து வீடு அம்மாவின் பேருக்கு மாறியிருந்தது. வீடு வேலைக்கு உரியது. வேலை நின்றால் வீடும் நிற்காது. இதைக் கிராணி முதலில் நயமாகச் சொன்னார், பிறகு நயமில்லாமல் சொன்னார். அவர் சொல்லுமுன்பே லயம் அறிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் உப்புக் கேட்டு வந்தாள். அம்மா உள்ளே போன சமயத்தில், எங்கள் முன்னறை ஜன்னலை அவள் சாண் போட்டு அளந்தாள். அவள் மகனுக்கு அந்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும், "துணி நல்லா இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே கையை எடுத்தாள். எங்கள் ஜன்னலில் துணியே இருக்கவில்லை.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அடுத்த லயத்தில் இருந்தாள். அவளும் கொழுந்து எடுப்பவள்தான். அவள் பேச்சை ஒளித்துப் பேசுகிறவளல்ல. குழாயடியில், அம்மாவின் காதுபடவே சொன்னாள்: "என் தம்பி செத்தன்னிக்கு நிமிந்து நின்னவ. இப்ப லோரியப் பாத்தா மயக்கமாம். யாருகிட்டலா காட்டுற இந்த வேசத்த?" அம்மா வாளி நிறையும்வரை காத்திருந்து, "எனக்கே தெரியல மதினி" என்றாள். அதைவிட உண்மையான ஒரு சொல்லை அந்தப் பருவத்தில் யாரும் பேசவில்லை. அத்தை அதற்குச் சிரித்தாள்.

இனி கங்காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், கிடுகிடுவென்று நடப்பார், காக்கிச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். பெண்கள் ஏறி முடித்ததும் லோரியின் பின்பலகையைத் தூக்கி நிறுத்தி, கொண்டியில் இரும்பு ஆணியைச் செருகுவது அவர் பொறுப்பு. செருகுவார். குலுக்கிப் பார்ப்பார். முன்பக்கம் போய் டிரைவரின் அருகில் ஏறக் கால் தூக்குவார். பிறகு காலை இறக்கி, பின்பக்கம் வந்து மறுபடியும் குலுக்குவார். ஆணியைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி உதடு அசைய ஏதோ சொல்லிக்கொள்வார். மீண்டும் முன்பக்கம். மீண்டும் பின்பக்கம். சில நாள்களில் லோரி நகர்ந்த பிறகும் கையால் அடித்து நிறுத்தச் சொல்லி இறங்கி வருவார். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வார். ஏறியிருக்கும் பெண்கள் பொறுமையாக இருப்பார்கள். கங்காணி கையில் நம் உயிர் பத்திரம் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்பார்கள்.

அவருக்காக லோரி தினமும் காத்திருந்தது. அம்மா படியில் கால்வைத்து நிற்கும்போது மட்டும் எல்லாருக்கும் நேரமாகிவிடும்.

எனக்கு அப்போது வயது ஒன்பது. விடியற்காலையில் வீட்டில் தனியாக இருக்க முடியாதவள் நான். இருட்டுக்காகவோ பேய்க்காகவோ அல்ல. அம்மா கண்ணில் படாத இடத்தில் அவளுக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆகவே பெரட்டுத் திடல்வரை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போவேன். லோரி போனபின் பள்ளிக்கூட வராந்தாவில் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். பெண்கள் என்னை வாலு என்றும் அம்மாவைப் பெருமாட்டி என்றும் கூப்பிட்டார்கள். "இன்னிக்கும் வாலு வந்துருச்சா? தன் கல்யாணத்துக்கும் பெருமாட்டி பின்னாடியே வருவா போல" என்பார்கள். அன்பான கேலிதான். ஆனாலும் அம்மாவை விட்டு நகராத பிள்ளை நான் என்பதை அவர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் அது அவர்களுக்குப் பயன்பட்டது.

ஜூலை பாதியில் ஒரு காலை. அம்மா அன்றும் வந்தாள். தலைத்துணி கட்டி, இடுப்பில் சாக்குக் கட்டி, கூடை மாட்டி, ஏறப்போகிறவளைப் போலவே வந்தாள். பெயருக்குக் குரல் கொடுத்தாள். படியருகே வந்து நின்றாள். கிராணி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அப்போது லோரியின் மேலிருந்து அத்தை சொன்னாள்: "புள்ளையத் தூக்கி மேல வைங்க கங்காணி. ஆத்தா தானா ஏறுவா."

யாரோ சிரித்தார்கள். ஒருத்தி, பாவம் என்றாள். ஆனாலும் என்னைத் தூக்கக் குனிந்த கைகளில் அவள் கையும் இருந்தது. அக்குளில் பிடித்துத் தூக்கியபோது நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. என்னைக் கூடைகளுக்கு நடுவில் நிறுத்தினார்கள். சத்தமில்லாமல் நின்ற என்னைப் பார்த்து, "பாருங்க, வாலுக்கு இருக்குற தைரியம் பெருமாட்டிக்கு இல்ல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அம்மா இரண்டு கைகளாலும் பின்பலகையைப் பற்றினாள். "கங்காணி, புள்ளைய எறக்கிவிடுங்க. நான் நடந்தே வந்துர்றேன்."

"நடந்து வந்தா பேரு கெடையாது" என்றார் அவர். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "இந்தா புள்ள, ஏறுறதுன்னா இப்ப ஏறு. கொண்டியப் போட்டேன்னா அப்புறம் எடுக்க மாட்டேன். எல்லாருக்கும் சூசா, வீண் தொந்தரவு."

அவள் காலைப் படியில் வைத்தாள். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கவில்லை. அது அவளுடைய கால் அல்லாததுபோல் இரும்பின் மேல் கிடந்தது. அவள் முகம் என்னை நோக்கி உயர்ந்திருந்தது. ஏற வேண்டும் என்று அவள் முழுவதும் விரும்பினாள் என்பதை அந்த வயதிலும் கண்டேன். அந்த விருப்பம் காலுக்கு எட்டவில்லை. கங்காணி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து பிரித்தார். பலகை எழுந்தது. ஆணி விழுந்தது. குலுக்கினார், போனார், வந்தார், குலுக்கினார். அவ்வளவு நேரமும் அம்மா ஒரு முழத் தூரத்தில், கையைப் பலகையின் உயரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

லோரி நகர்ந்தது. முதல் வளைவுவரை பெண்கள் சிரித்தார்கள், அவள் எப்படியும் ஓடி வந்து ஏறிவிடுவாள் என்ற நம்பிக்கையில். ஓடித்தான் வந்தாள். கூடை முதுகில் துள்ள, பனிக்குள் ஓடி வந்தாள். ஏறவில்லை. பிறகு அவளைப் பனி மூடிக்கொண்டது, சிரிப்பும் நின்றது. ஒருத்தி என் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள். அத்தை என் தலையைத் தடவினாள். தடவிக்கொண்டே, தன் மனத்தில் அப்போதுதான் தெளிந்த ஓர் உண்மையைச் சொல்பவளைப் போல மெதுவாகச் சொன்னாள்: "பாத்துக்க. ஒங்கம்மாவுக்கு ஒன்னவிட அவ பயந்தான் பெரிசு."

எனக்கு நினைவிருக்கும் வாக்கியங்களில் இதுவே கட்டுக்கோப்பானது. இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது என்பதை இலக்கியம் படிக்க வந்த பிறகு கவனித்தேன்.

மேல்காட்டில் அன்று முழுவதும் நான் ஒரு நிரையின் தலைப்பில் நின்றேன். தேயிலைச் செடிகள் என் மார்பளவு இருந்தன. பெண்களின் விரல்கள் கொழுந்தை ஒடிக்கும் சின்னச் சின்னச் சத்தம் பனிக்குள் எல்லாப் பக்கமும் கேட்டது. மதியம் நீல மங்குக் குவளையில் எனக்குக் கறுப்புத் தேநீர் கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை என்று தெரிந்ததும் திமிர் என்றார்கள். பிறகு சேர்ந்த வேறொரு பள்ளிக்கூடத்தில் நான் வாயே திறக்காதபோது வாத்தியாரும் அதே சொல்லைத்தான் சொன்னார்; பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார்.

மாலையில் லோரி இறங்கியது. கங்காணி அன்று முன்னால் ஏறாமல், பின்பலகையை ஒட்டி, என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாதி மலையில், நீர் ஓடும் ஒரு மதகின் கட்டையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். லோரியைத் துரத்தி அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறாள். அதற்குமேல் ஏறவும் முடியாமல், திரும்பவும் மனமில்லாமல், காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள். செருப்பில் ஒன்று இல்லை. பாதத்தில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. லோரியைக் கண்டதும் எழுந்து கையை நீட்டினாள்.

டிரைவர் வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். என்னை இறக்கிவிடச் சொல்லிப் பெண்களே பேசினார்கள். அத்தையும்கூடச் சொன்னாள்: "எறக்கி விட்ருங்க கங்காணி. போதும்."

"பாதி வழியில கொண்டிய எடுக்கக் கூடாது" என்றார் அவர். "எடுத்தா மறுபடி சரியா விழாது."

அவர் கட்டை விரல் ஆணியின் தலையை அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்திருந்தது. உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது, ஏதோ பிரார்த்தனை என்றுதான் அன்று நினைத்தேன். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் பார்த்தாள். கங்காணி தகரத்தைத் தட்டினார். லோரி அவளைக் கடந்து போனது. அவர் ஒரு சட்டம் போட்டால் போட்டதுதான் என்று யாரோ மெச்சிக்கொண்டார்கள்.

அவள் என்னைவிட்டு அவர் கையை ஏன் பார்த்தாள் என்பது பல ஆண்டுகள் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. சென்ற ஆண்டு, தேர்வு மண்டபத்தின் வாசலில், நன்றாகப் படித்திருந்த ஒரு காலையில், என் கால் படியில் கிடந்து என்னுடையது அல்லாமல் போயிற்று. நெற்றி வேர்த்தது. நான் இறந்துகொண்டிருக்கிறேன் என்று உறுதியாக நம்பினேன். பல்கலைக்கழக மருத்துவர் ஒரு பெண், அவசரப்படாதவர். இதற்குப் பதற்ற நோய் என்று பெயர், பிள்ளைகளுக்கும் வரும், நடுவயதினருக்கும் வரும், முதியவர்களுக்கும் வரும், உருவம்தான் மாறும் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு என்று சொல்ல வாயெடுத்தபோது, எனக்கு முதலில் தோன்றியது கங்காணியின் வெளுத்த நகம்.

அவருக்கு இருந்ததும் அதுதான். அவருடையதைக் கடமை என்று சொன்னோம். அம்மாவுடையது நடிப்பு. யாருக்கு என்ன பெயர் என்பதை லோரியில் அவரவர் நின்ற இடம் முடிவு செய்தது. அந்த மலையில் இதை அறிந்த ஒரே ஆள், மதகில் உட்கார்ந்திருந்த ஒருத்தி. அறிந்தவள் இரங்கியிருப்பாள் என்றுதான் கதைகளில் எழுதுகிறோம்.

அம்மா இப்போது திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில், வேலைக்கொட்டகைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் இருக்கிறாள். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்த வண்டியிலும் ஏறவில்லை. மலையை விட்டு இறங்கவுமில்லை. என் பட்டமளிப்புக்கும் வர மாட்டாள். கங்காணியை அந்த ஆண்டு முடியுமுன் லோரிப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று பின்னொரு நாள் சந்தையில் எதிர்ப்பட்ட அத்தை சொன்னாள். தினமும் லோரி தாமதமாகிறது என்று துரை நேரில் வந்து ஏசினாராம். நல்ல மனிதருக்குத் திடீரென்று என்ன ஆயிற்றோ என்று அத்தை வருந்தினாள். அம்மா கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோரி கடந்துபோன அந்த மாலை, பெரட்டுத் திடலில் இறக்கிவிடப்பட்ட நான் அங்கேயே நின்றேன். இருட்டும் வேளையில் அவள் நொண்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசலில் கிராணி காத்திருந்தார். நாளைக் காலை லோரியில் ஏறாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றார். அம்மா, "சரிங்க" என்றாள். உப்புநீரில் காலை வைத்துக்கொண்டு, சோற்றைக் கிளறிவிட்டு, எங்கள் துணிகளை இரண்டு மூட்டையாகக் கட்டினாள். கொழுந்துக் கூடையைச் சுவரில் அதன் ஆணியிலேயே மாட்டினாள். என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெரட்டு மணி அடித்த பிறகே கிளம்பினோம். கீழே டவுனுக்குப் போகும் பாதை திடலைக் கடந்துதான் போகும். பெண்கள் லோரியில் ஏறியிருந்தார்கள். மூட்டையோடு வரும் எங்களைக் கண்டு எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் மூட்டைகளைப் பார்த்தாள். கங்காணி கொண்டியைப் போட்டு, குலுக்கி, முன்பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய்க்கொண்டிருந்தார். அன்று சீக்கிரமே முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். கைகளைத் துடைத்துக்கொண்டார். டிரைவரின் பக்கத்தில் ஒரு காலை ஏற்றிவிட்டார்.

அம்மா என் கையை விட்டுவிட்டு அவர் அருகில் போனாள். குரலை உயர்த்தவில்லை. மரியாதையாக, உதவி செய்கிறவளைப் போலச் சொன்னாள்: "கங்காணி, கொண்டி சரியா விழல போல இருக்கே."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஏற்றிய காலை அவர் இறக்கினார். பின்பக்கம் போனார். இரும்பு குலுங்கும் சத்தம் கேட்டது. முன்பக்கம் வந்தார், படியில் கை வைத்தார், அங்கேயே நின்றார், திரும்பினார். அம்மா மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அவள் கை காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது.

நாங்கள் இறக்கத்தில் நடந்தோம். முதல் வளைவு வந்தது. லோரி எங்களைக் கடக்கவில்லை. இரண்டாவது வளைவிலும் எஞ்சின் சத்தம் அதே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே இரும்பு குலுங்கியது, நின்றது, மறுபடியும் குலுங்கியது. பெரிய சாலையை எட்டுகிறவரை அதைக் கேட்டுக்கொண்டே நடந்தோம்.